முன்சீட்டில் சிரிக்காமல் வந்தவர்

என்னைச் சோதிப்பதற்காகவே ஒருவர் பயணி வேஷத்தில் என் பஸ்ஸில் ஏறியிருக்கிறார் என்று நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று சொன்னால் அது கௌரவமாக இருக்கும். சந்தேகம் இல்லை, நம்பிக்கை. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்ததில்லை. ஐம்பதைத் தொடப்போகிற ஆள், ஊரையே கிண்டல் செய்து பிழைப்பவன், மூன்று நாள் அந்த மனிதருக்குக் குடை பிடித்துக்கொண்டு அலைந்தேன். மழைகூடப் பெய்யவில்லை.

நான் குன்னூரில் குரூப் டூர் நடத்துபவன். ஒரு குட்டி பஸ், ஒரு டிரைவர், ஒரு மைக், ஒரு வாய். இவ்வளவுதான் கம்பெனி. சென்னையில் ஒரு டூர் நிறுவனம் பெரிய கோச்சில் ஆட்களை மேட்டுப்பாளையம் வரை கொண்டுவந்து கொட்டும். அந்த நீள வண்டி எஸ்டேட் ரோடுகளில் திரும்பாது. அதனால் அங்கிருந்து மூன்று நாள் அவர்கள் என் பொறுப்பு. மலையைக் காட்டி, டீ குடிக்க வைத்து, வர்க்கி பிஸ்கட் வாங்க வைத்து, சிரிக்க வைத்து, அதே இடத்தில் திரும்ப இறக்கிவிட வேண்டும். என் பஸ் ஓடியது அந்த ஒரு நிறுவனத்தின் வேலையில்தான். அது நின்றால் பஸ்ஸை விற்க வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. இது எனக்கும் தெரியும், என் டிரைவருக்கும் தெரியும், நிறுவனத்தின் மேனேஜருக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். சீசனுக்கு முன்னால் ஒரு நாள் அவர் போன் செய்து, வரப்போகிற குரூப்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் மலை வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வோம் என்றார். பல் டாக்டர் "லேசா வலிக்கும்" என்று சொல்வாரே, அந்தக் குரல்.

இதற்குச் சரியாக ஒரு வாரம் முந்தி ஊட்டியில் எங்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்திருந்தது. பஸ், வேன் வைத்து டூர் நடத்துகிறவர்கள் எல்லாரும் வர வேண்டும், தொழிலில் முன்னேறலாம், மத்தியானம் பிரியாணி. மூன்றாவது காரணத்துக்காக ஹால் நிறைந்திருந்தது. பாடம் நடத்த வந்தவர் சமவெளிக்காரர். கோட்டு போட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் மங்கி குல்லாவும் போட்டுக்கொண்டு 'வாடிக்கையாளரை முதல் பார்வையில் கவர்வது எப்படி' என்று பேசினார். முதலில் துறைச் செய்திகள் என்று சிலவற்றைப் படித்தார். இ-பாஸ் இல்லாமல் மேலே வர முடியாது, பிளாஸ்டிக் பை கூடாது, நீள பஸ்ஸுக்குக் கட்டுப்பாடு. எங்களுக்கு இதெல்லாம் செய்தி அல்ல. செக்போஸ்ட்டில் ஒவ்வொன்றாகத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

பிறகுதான் அந்தக் குண்டைப் போட்டார். இப்போதெல்லாம் பெரிய நிறுவனங்கள் ரகசியமாக ஒரு ஆளைப் பயணி மாதிரி அனுப்புகின்றன, அவர் எல்லாவற்றையும் கவனித்துப் போய்ச் சொல்வார், அவர் வாய்ச்சொல்லில்தான் உங்கள் பிழைப்பு என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரோ கேட்டார்கள். தனியாக வருவார். போட்டோ எடுக்க மாட்டார். நிறையக் கேள்வி கேட்பார். எதற்கும் சிரிக்க மாட்டார்.

முதல் மூன்றையும் நான் தாங்கிக்கொண்டேன். நாலாவது நேராக வயிற்றில் போய் உட்கார்ந்தது. அதன் மேல் பிரியாணி உட்கார்ந்தது. இரண்டும் சேர்ந்ததில் எனக்கு மத்தியான வகுப்பு தாங்காது என்று தோன்றி, சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்த பின்வாசல் வழியாக நழுவி வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். முழுநாள் பயிற்சி முடித்தவன் என்ற சான்றிதழ் மட்டும் மறுநாள் யாரோ ஒருவர் மூலமாக வந்து சேர்ந்தது. அதைக் கண்ணாடி போட்டு பஸ்ஸில், டிரைவர் தலைக்குப் பின்னால் மாட்டினேன்.

குரூப் வந்த அன்று மேட்டுப்பாளையத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாக, முறுக்கு டப்பாவோடு ஏறினார்கள். கடைசியாக ஒருவர் தனியாக வந்தார். கட்டை மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் சின்னப் பை. மலையைப் பார்க்கவில்லை. குனிந்து என் பஸ்ஸின் டயரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வாங்க வாங்க, மலைக்கு வந்தா மாமியாரைக்கூட மறந்துருவீங்க" என்று என் வழக்கமான வரவேற்பை வீசினேன். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். ஆள் இவர்தான்.

எங்கள் தொழிலில் சீட்டு விஷயம் ரொம்பக் கறார். முதல் நாள் ஒரு வரிசை, மறுநாள் காலையில் எல்லாரும் ஒரு வரிசை தள்ளி உட்கார வேண்டும். பின்னால் இருந்தவன் முன்னால் வருவான். இதைச் செய்யாத குரூப்பில் இரண்டாம் நாள் சாயங்காலம் கைகலப்பு நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கதவை ஒட்டிய முன்சீட்டு மட்டும் இந்தச் சுற்றில் சேராது. அது வாந்தி வருகிறவர்களுக்கு. ரோடு கண்ணுக்குத் தெரிந்தால் தலைசுற்றல் பாதியாகும். அதன் அடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா, உள்ளே கொஞ்சம் மரத்தூள் போட்டு வைத்திருப்போம். பிளாஸ்டிக் பை போன பிறகு அந்த டப்பாதான் எங்கள் ஆஸ்பத்திரி.

நான் அந்த முன்சீட்டை அவருக்குக் கொடுத்தேன். டப்பாவைப் பார்த்து அவர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து, அதை மேட்டுப்பாளையத்திலேயே ஒரு டீக்கடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணைக் காட்டி அடக்கினேன்.

அப்போதுதான் ஆத்தூரிலிருந்து கணவரோடு வந்திருந்த ஒரு அம்மா, பருத்த உடம்பு, கையில் எலுமிச்சம்பழம், மெதுவாக என்னிடம் வந்து, தனக்குப் பஸ் ஆகாது, முன்னால் இடம் கிடைக்குமா என்று கேட்டார். நான் மைக்கைப் பிடித்தேன். எனக்கு மைக் கையில் வந்தால் நாக்கு வேறு ஒருத்தன் நாக்காகிவிடும்.

"அக்கா, நீங்க முன்னால உக்காந்தா பஸ்ஸு குப்புற விழுந்துருமுங்க. பின்னால இருங்க, ஏத்தத்துல வண்டிக்கும் ஒரு பிடிமானம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவின் கணவர்கூடச் சிரித்தார். அவர்தான் ரொம்பச் சிரித்தார். நான் முன்சீட்டைப் பார்த்தேன். அங்கே மட்டும் சிரிப்பு இல்லை. அந்த அம்மா பின்சக்கரத்துக்கு மேலே போய் உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மலையேறி வளைவுகள் தொடங்கியதும் முன்சீட்டுக்காரர் கேள்விகளைத் தொடங்கினார். இந்த வண்டி ஏற்றத்தில் லிட்டருக்கு எவ்வளவு தரும்? சீசனில் போகும்போது குன்னூர் வழி, இறங்கும்போது கோத்தகிரி வழி என்று திருப்பிவிடுவார்களே, அப்போது நேரத்தை எப்படிச் சமாளிப்பது? அடேங்கப்பா, டீசல்வரை துருவுகிறார்களே என்று அசந்துபோய், கேட்டதற்கு ஒன்று, கேட்காததற்கு ஒன்பது என்று சொன்னேன். எந்த டீ ஃபேக்டரியில் முந்தின நாளே போன் செய்தால் கூட்டத்துக்கு முன்னால் உள்ளே விடுவார்கள், யாரிடம் பேச வேண்டும், அவர் நம்பர் என்ன. ஊட்டியில் மற்ற பஸ்காரர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் போனால் எந்த இடத்தில் நிறுத்தலாம். எந்த ஹோட்டலில் பெண்கள் கழிப்பறை சுத்தம். குரூப் டூர் என்பது பாதி மலை, பாதி கழிப்பறை. இருபது வருஷமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடிச் சேர்த்த விஷயம் அது. எல்லாவற்றையும் அவர் மடியில் கொட்டினேன்.

ஒரு தடவை அவர் அந்தச் சான்றிதழை நிமிர்ந்து படித்தார்.

"முழு நாளும் இருந்தீங்களா?" என்றார்.

"இருந்தேனுங்க. கடைசி வரைக்கும்."

"மத்தியான வகுப்புதான் முக்கியம்னு சொல்வாங்க."

"அதுதானுங்க உயிரே" என்றேன். தூங்கியவனுக்கு வாய் ரொம்ப விழித்துக்கொண்டிருந்தது.

அன்று ஃபேக்டரியில் என்னுடைய பெரிய ஜோக்கை எடுத்தேன். இலை பறித்து வந்து கொட்டுவதிலிருந்து தூளாகி வருவதுவரை சுற்றிக்காட்டிவிட்டு, கடைசியில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்வேன். "கல்யாணமும் டீத்தூளும் ஒண்ணுதானுங்க. மொதல்ல நல்லா வாட விடுவாங்க. அப்புறம் நசுக்குவாங்க. அப்புறம் புளிக்க விடுவாங்க. கடைசியில வறுத்தெடுப்பாங்க. அதுக்கப்புறந்தான் நல்ல தூளுன்னு பேரு வரும்." இதற்குச் சிரிக்காத குரூப் இதுவரை வந்ததில்லை. ஒரு கிழவருக்கு இதில் பல்செட்டே கழன்றிருக்கிறது.

முன்சீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கூட்டம் நகர்ந்ததும் பக்கத்தில் வந்து, "வறுக்கறதுக்கு முன்னாடி என்னங்க சொன்னீங்க?" என்றார்.

"புளிக்க விடுவாங்கன்னுங்க."

"ஆமா, புளிக்க விடறது" என்று தலையாட்டிக்கொண்டார். தொழில்நுட்பத் தகவல் சரியா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் என் வீட்டில் சோறு இறங்கவில்லை. எதற்குமே சிரிக்க மாட்டேன் என்கிறாரே என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்படின்னா வெவரமான ஆளாத்தான் இருப்பாருங்க" என்றாள்.

மறுநாள் சீட்டு மாற்ற வேண்டிய நாள். எல்லாரும் பையோடு எழுந்து நின்றார்கள். முன்சீட்டுக்காரரை நான் எழுப்பவில்லை. அந்தச் சீட்டு சுற்றில் சேராதுதான், ஆனால் வாந்தி வராத ஆள் அதில் உட்கார்ந்திருக்க மற்றவர்களை மட்டும் நகர்த்தினால் கேள்வி வரும். அதனால் யாரையுமே நகர்த்தவில்லை. இன்று ரோடு மோசம், பாதுகாப்புக்காக அவரவர் இடத்திலேயே இருங்கள் என்று மைக்கில் புளுகினேன். பின்னாலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. ஆத்தூர் அம்மா எழுந்து வந்து மறுபடி கேட்டார். முதல் நாள் ஏற்றத்திலேயே அவருக்குக் கண் உள்ளே போயிருந்தது. கீழ் கோத்தகிரிப் பக்கம் போகிறோம், அந்த ரோடு முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டப்பாவும் இல்லை. ஒரு மஞ்சப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். துணிப்பை. சுற்றுச்சூழல் அக்கறைக்கு மதிப்பெண் கிடைக்கட்டும் என்று முன்சீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "நம்ம பஸ்ஸுல பிளாஸ்டிக்கே கிடையாதுங்க" என்றும் சொன்னேன்.

துணிப்பையில் வாந்தி நிற்காது. இதைச் சொல்ல ஒரு முகாம் தேவையில்லை.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளைத் தாண்டி மூன்றாவது வளைவிலேயே ஆகிவிட்டது. பையில் விழுந்தது, பையிலிருந்து சேலையில் இறங்கியது, சேலையிலிருந்து முன்னால் இருந்தவரின் செருப்புக்குப் போனது. பஸ்ஸை நிறுத்தினோம். அவர் கணவர் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, நாலு பேர் கேட்க, "இவளைக் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்றார். அந்த அம்மா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு குழாயடியில் உட்கார்ந்து, சேலையைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார். தேயிலை பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையோடு வந்து தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். நான் பக்கத்தில் போய் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிக்கலாமா என்று நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அந்த மனுசனுக்கு மலையக் காட்டறீங்க. எனக்கு இந்தப் பையத்தான் காட்டுனீங்க. ஊருக்குப் போயிச் சொல்றதுக்கு எனக்கு இதுதான் இருக்குது."

எனக்கு அப்போது அவமானம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. திரும்பி, முன்சீட்டுக்காரர் இதைக் கேட்டாரா என்று பார்த்தேன். அவர் கேட்கவில்லை. டிரைவரோடு வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கோத்தகிரியில் ஒரு டீக்கடையில் அவரும் என் டிரைவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். டிரைவர் என்னைப் பற்றி எதையாவது உளறிவைப்பாரே! டிரைவர் கீழ் கோத்தகிரிக்காரர். அவர் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். பேச்சு குறைவு, ஸ்டியரிங் சுத்தம். முன்சீட்டுக்காரர் எழுந்து போனதும் டிரைவரை ஓரமாக இழுத்துப் போனேன்.

"என்ன கேட்டாரு?"

"எத்தன வருசமா இந்த ரோட்டுல ஓட்டறேன்னு கேட்டாருங்க மொதலாளி."

"சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"நல்லா சொன்னியா? அவரு கையிலதான் நம்ம பொழப்பே இருக்குது. அவருகிட்ட நல்லபடியா நடந்துக்க."

டிரைவர் தலையாட்டினார். "சரிங்க" என்றார்.

அதோடு விட்டேனா? நானே போய் அவரிடம் டிரைவரைப் புகழ்ந்தேன். பனிமூட்டத்தில் எதிரே கை தெரியாது, இவர் வளைவை வாசனை பிடித்தே ஓட்டுவார், இவர் இல்லாவிட்டால் என் பஸ் வெறும் தகரம் என்றேன். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துக் காட்டுவார்களே, அப்படிக் காட்டினேன். அப்போதுதான் முதல்முறையாக அவர் உதடு லேசாக விரிந்தது. சிரித்துவிட்டார்! பாஸ் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஊட்டியைக் காட்டிவிட்டு மேட்டுப்பாளையத்தில் இறக்கினோம். ஒருவரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. ஆத்தூர் அம்மா வேறு சேலையில் இறங்கி, என்னைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் பெரிய கோச்சுக்கு நடந்தார். முன்சீட்டுக்காரர் மட்டும் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "ரொம்பக் கத்துக்கிட்டேனுங்க" என்றார். எவ்வளவு பணிவான அதிகாரி என்று வியந்தேன். அன்றைக்கே எங்கள் பஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், ரகசியப் பயணியை எப்படிச் சமாளிப்பது என்று குரல் பதிவு போட்டேன். நீளமான பதிவு. நன்றி சொல்லிச் சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். குரூப்பில் போன ஒவ்வொருவருக்கும் நிறுவனத்திலிருந்து போன் செய்து விசாரித்தார்களாம். சீட்டு மாற்றவே இல்லை என்று அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சப்பை விஷயமும் போயிருக்கிறது. வேறு ஒருவர் நல்ல திட்டத்தோடு வந்திருக்கிறார், மலை ரோட்டில் பழகிய டிரைவரும் வைத்திருக்கிறார், அதனால் வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்.

"ஏனுங்க, நீங்க அனுப்புன ஆளைக் கேளுங்க. அவரே சொல்லுவாரு" என்றேன்.

"எந்த ஆளு? நாங்க யாரையும் அனுப்பலையே" என்றார்.

அந்த வாரத்திலேயே டிரைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வேறு இடத்துக்குப் போகிறேன் என்றார். எந்த இடம் என்று நான் கேட்காமலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?" என்றேன்.

"நீங்கதானுங்க மொதலாளி சொன்னீங்க, அவரு கையிலதான் நம்ம பொழப்பு, நல்லபடியா நடந்துக்கன்னு. நடந்துகிட்டேனுங்க."

அடுத்த வருஷம் சீசன் தொடங்கியபோது ஒரு நாள் அந்த ஃபேக்டரிக்கு வீட்டுக்குத் தூள் வாங்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு புதுக் குட்டி பஸ் நின்றது. என் டிரைவர் வெள்ளைச் சீருடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் ஒரு வெளுத்த முகம், கையில் எலுமிச்சம்பழம். சீட்டுக்கடியில் ஒரு பெயின்ட் டப்பா. உள்ளேயிருந்து மைக் குரல் வந்தது. கல்யாணமும் டீத்தூளும் ஒண்ணுதானுங்க. வாட விட்டார், நசுக்கினார், புளிக்க விட்டார், வறுத்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சொல்லும்போது அவ்வளவு சிரித்ததில்லை.

வெளியே வந்த முன்சீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஒளியவில்லை. நேராக வந்து நலம் விசாரித்தார். ஈரோட்டில் கல்யாணத்துக்கு வேன் விடுகிறவராம், ரொம்ப நாளாக மலைக்கு வர ஆசையாம். அவர் ஊரிலும் அதே முகாம் நடந்திருக்கிறது, அதே குல்லாக்காரர்.

"மத்தியானம் சொன்னாரில்லீங்களா, போட்டிக்காரர் பஸ்ஸுல டிக்கெட் எடுத்து ஏறிப் பாருங்கன்னு. இங்கயும் சொல்லியிருப்பாரே?"

"சொன்னாருங்க" என்றேன்.

மழைக்காலம் வருவதற்குள் பஸ்ஸை விற்றுவிட்டேன். வாங்கியவர் அவர்தான். ஓட்டிக்கொண்டு போனவர் என் டிரைவர். சான்றிதழைக் கழற்றிக்கொள்ள மறந்துவிட்டேன். அது இப்போதும் அந்த பஸ்ஸில்தான் மாட்டியிருக்கிறது.